க்யூ இருக்கு, யூ இல்லை

யூ (U) இல்லாமல் க்யூ (Q) மட்டும் வரும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு தந்த பட்டியல் ஒன்றைப் பார்த்தேன், நன்று. ஆனால் அதில் 'கனாத்' (qanat) என்பதற்கு 'கால்வாய்' என்று மட்டும் போட்டால் எப்படி? அது ஈரானில் மலையடிவார நிலத்தடி நீரைப் பம்பு எதுவும் இல்லாமல், லேசான சரிவிலேயே ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கம். மேலே வரிசையாகக் கிணறு மாதிரி குழிகள். மண்ணை அள்ளவும் காற்று போகவும். 2016-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. பட்டியலில் உள்ள 'ஃபகீர்' (faqir, இஸ்லாமியத் துறவி), 'நிகாப்' (niqab, முகத்திரை) எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. அங்கே அடித்தொண்டையில் ஒலிக்கும் 'காஃப்' எழுத்துக்குத்தான் இந்த க்யூ. இதைச் சொன்னாலே பாதிப் பட்டியல் மனதில் நின்றுவிடும். அப்புறம், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் க்யூவுக்குப் பத்துப் புள்ளி. யூ கைவசம் இல்லாதபோது இவைதான் கைகொடுக்கும்.