பபிள் ராப் பூதமும் ஒரு திங்கட்கிழமையும்

போன சனிக்கிழமை பேரனோடு இருந்து பிபிசியின் ஐபிளேயர் இணையத்தில் ‘டொக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானப் புனைகதைத் தொடரின் பழைய கதை ஒன்று பார்த்தேன். 1975இல் வந்த ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’. ரொம் பேக்கர் அதன் நாயகன் ‘டொக்டராக’ நடித்த இரண்டாவது கதை. விண்வெளி நிலையத்தின் தலைவன் நோவாவை ஒரு பூச்சியினம் தொற்றி, ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சியாக மாறிக்கொண்டு வருகிறான். ஒளித்து வைத்திருந்த கையை வெளியே எடுக்கிறான். பச்சை. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அம்மப்பா, இது பபிள் ராப்!”

சரிதான். சாமான் சுற்றி அனுப்பும் அதே குமிழ் பிளாஸ்டிக்குக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தது நடிகரின் முகத்தை. தன் கையையே யாரோ அந்நியனின் கை மாதிரிப் பார்க்கிறார். எனக்கு இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

எழுபதுகளின் பிரிட்டிஷ் விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களைப் பற்றி எவர் எழுதினாலும் இந்தப் பகிடிதான் முதலில் வரும். செட் ஆடும், பூதம் றப்பர், வேற்றுக்கிரகம் என்றால் ஏதாவது கல்லுக்குவாரி. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ‘என்ன இனிமையான, அப்பாவியான காலம்!’ என்று பெருமூச்சும் விடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். அந்தத் தொடர்களில் இனிமையும் இல்லை, அப்பாவித்தனமும் இல்லை.

எங்கள் ஊரில் நடிகமணி வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ நாடகம் விடிய விடிய நடக்கும். பின்னால் தொங்குகிற சீன் காற்றுக்கு ஆடும். அதைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை. அரிச்சந்திரன் பாட்டெடுத்தால் சனம் அழும். பிபிசி ஸ்டூடியோவிலும் கிட்டத்தட்ட நாடக மேடைக் கணக்குத்தான். மூன்று நான்கு கமராக்களை வைத்து வீடியோவில் காட்சியை ஒரே ஓட்டமாக எடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்துவிட வேண்டும். வெளிக்காட்சி மட்டும் 16 மில்லிமீற்றர் பிலிமில். அதனால் அறைக்குள் நிற்கும்போது ஒரு நிறம், வாசலைத் தாண்டினால் வேறொரு நிறம். திரும்பத் திரும்ப எடுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. கதையைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு முழுக்க வசனத்தின் மேலும் நடிகரின் மேலும் விழுந்தது.

அந்த வசனங்களில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1970 பெப்ரவரியில் ‘டூம்வொச்’ என்ற தொடர் தொடங்குகிறது. முதல் கதையே பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமியைப் பற்றியது. 1973இல் டொக்டர் ஹூவின் ‘தி கிரீன் டெத்’, வேல்ஸில் மூடிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைக் காட்டுகிறது. இரசாயனக் கம்பனி அதற்குள் கழிவை இறக்க, இராட்சதப் புழுக்கள் ஊர்ந்து வருகின்றன. சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில்!

‘சர்வைவர்ஸ்’ 1975. ஒரு விஞ்ஞானியின் கையிலிருந்து குடுவை விழுந்து உடைகிறது, விமானங்கள் பறக்கின்றன, பாஸ்போர்ட்டில் முத்திரை மேல் முத்திரை. தொடக்கக் காட்சி அவ்வளவுதான். ஒரு வசனமும் இல்லாமல் கொள்ளைநோய் உலகைச் சுற்றிவிடும். 2020இல் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில் அதைத் திரும்பப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். 1974 தொடக்கத்தில் இந்த நாடு கரண்டை மிச்சம் பிடிக்க வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழிற்சாலைகளை ஓட்டியது. அதையொட்டிச் சில வாரங்கள் ரிவியையே இரவு பத்தரைக்கு மூடினார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்து எழும்பிய சனத்துக்கு, எல்லாம் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்கும் தொடர் வெறும் கற்பனையாக இருந்திராது.

குறை இல்லையா? நிறைய. நான் லண்டனில் வந்திறங்கியது 1977 செப்டம்பரில். லண்டன் லூயிஷாமில், குடியேறியவர்களை எதிர்த்த நாஷனல் ஃப்ரண்ட் கட்சி ஊர்வலம் போய்ச் சண்டையில் முடிந்து ஒரு மாதம்தான். அதே வருடம் டொக்டர் ஹூவில் ஒரு வெள்ளைக்கார நடிகருக்குச் சீனர் வேஷம் போட்டு வில்லன் ஆக்கியிருந்தார்கள். எதிர்காலத்தை எவ்வளவு தூரம் நீட்டினாலும் எங்கள் நிறத்தில் ஒருவர் அங்கே போய்ச் சேருவது அபூர்வம். சந்திரனில் ஒரு தளத்தில் தொடங்கும் ‘ஸ்பேஸ்: 1999’ தொடரில் வெள்ளையரல்லாத நடிகர்கள் ஸீனியா மேர்ட்டனையும் கிளிப்டன் ஜோன்ஸையும் பார்த்தபோது, அட, சந்திரனிலாவது இடம் கிடைத்ததே என்று அறையில் பகிடி விட்டோம். அந்தப் பழைய காலம் அப்படியே திரும்பி வரட்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

ஆனால் ‘பிளேக்ஸ் 7’ என்ற பிபிசி விண்வெளித் தொடரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரெரி நேஷன் உருவாக்கியது, 1978 ஜனவரி 2 திங்கட்கிழமை தொடங்கியது. முதல் கதையிலேயே அரசு, எதிர்த்துப் பேசிய பிளேக்கின் மேல் பிள்ளைகளைக் கெடுத்தவன் என்று பொய் வழக்குப் போட்டு நாடு கடத்துகிறது. கூட வருகிறவர்களில் கள்ளனும் உண்டு, கடத்தல்காரியும் உண்டு. அவர்களில் ஒருவனான ஏவன் பிளேக்கோடு நிற்கிறான், பிளேக்கை நம்பவில்லை. நல்லவர்கள் தமக்குள் கொத்துப்படுவதை ரிவியில் நான் முதன்முதல் பார்த்தது அங்கேதான். முடியைக் கட்டையாக வெட்டி, வெள்ளைக் கவுணோடு வரும் வில்லி சேர்வலானுக்கு எங்கள் வீட்டில் இரகசிய இரசிகர்கள் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பேரப்பிள்ளைகள் பார்த்த ஆட்கள் இப்போது.

இப்போது புது ப்ளூ-ரேயில் அந்த விண்கலக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தும் போட்டிருக்கிறார்கள். விரும்பினால் பழையதையும் பார்க்கலாம். நான் பழையதைத்தான் பார்க்கிறேன்.

கடைசிப் பகுதி 1981 டிசெம்பர் 21, நத்தாருக்கு நான்கு நாள் இருக்க. ரூட்டிங்கில் ஒரு வாடகை வீடு, மீற்றருக்குக் காசு போட்டால்தான் கரண்ட், நாங்கள் நான்கு பேர். அந்த வருடம் ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தியை அதே அறையில்தான் கேட்டோம். அந்தக் கடைசிக் கதையில், பிளேக் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஏவனிடம் சொல்லிவிட்டார்கள். அது உண்மையில்லை. பிளேக் புது ஆட்களைச் சோதித்துச் சேர்ப்பதற்காக அப்படி வேஷம் போட்டிருக்கிறான். விளங்கப்படுத்த நேரம் கிடைக்கவில்லை. ஏவன் சுடுகிறான். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். சுற்றிவரத் துப்பாக்கிகள் நிற்க, பிளேக்கின் உடலுக்கு மேல் நின்று ஏவன் துவக்கைத் தூக்கிச் சிரிக்கிறான். அதற்குப் பிறகு வெடிச்சத்தம் மட்டும்.

பின்னாளில் ஊரிலிருந்து சில செய்திகள் வந்தபோதெல்லாம், ஒரே பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் சுட்ட செய்திகள், எனக்கு அந்தக் காட்சிதான் முன்னால் வந்து நின்றது. மாமா ஒருவர் கேட்டார், வெள்ளைக்காரனின் விண்வெளிப் படத்தோடு இதைப் போய் ஒப்பிடுகிறாயா என்று. என்ன பதில் சொல்வது?

அன்றிரவு நாங்கள் நான்கு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. நம்பவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் அதே நேரத்துக்கு மீற்றருக்குக் காசு போட்டு, ரிவியைப் போட்டுவிட்டு இருந்தோம்.