ஆறு தடவை ஜெயிச்சது தெரியுது, உள்ளே போய் என்ன கேட்டார்?

நடைபாதையை மறிச்சுக்கிட்டு நிக்குது பேனர். ‘ஆறு முறை வென்ற அசைக்க முடியாத சக்தி’யாம். சரி, ஆறு முறைன்னா கால் நூற்றாண்டுக்கு மேல. அத்தனை வருஷமும் கோட்டைக்குள்ளே போய் உட்கார்ந்து அந்த எம்.எல்.ஏ. என்ன கேட்டார்? பேனர்ல கும்பிட்டபடி நிக்கிற நாப்பது பேர்ல ஒருத்தர் சொல்லட்டும். வட்டச் செயலாளருக்கே தெரியாது.

கலைஞர் 1957ல இருந்து 2016 வரைக்கும் நின்ன 13 சட்டமன்றத் தேர்தல்லயும் ஜெயிச்சவர். சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம்னு சென்னைக்குள்ளேயே நாலு தொகுதி. ஆனா குளித்தலையில ஜெயிச்சுப் போனதும் முதல் பேச்சுலேயே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையை எடுத்தாருங்கிறதும் இன்னிக்கு வரைக்கும் பேசப்படுது. அவரைப் பிடிக்குதா இல்லையாங்கிறது வேற பேச்சு. எண்ணிக்கையோட சேர்த்துச் சொல்ல ஒரு விஷயம் இருக்கா இல்லையா? நம்ம பேனர் நாயகருக்கு என்ன இருக்கு? பஸ் நிழற்குடையில பேரு.

அந்த நிழற்குடைக் கதையையும் பார்த்துடுவோம். தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. அது எம்.எல்.ஏ. கைக்கே வராது. அவர் இந்த வேலையைச் செய்யுங்கன்னு பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். சென்னையில மாநகராட்சி பொறியாளர் மதிப்பீடு போடுவார், நிர்வாக அனுமதி வரும், டெண்டர் போகும், அப்புறம்தான் ஜல்லி இறங்கும். இடம் எந்தத் துறைக்குச் சொந்தம்னு முன்னாடியே பார்க்காம கடிதம் கொடுத்தா தடையில்லாச் சான்றுக்கு அலைஞ்சே வருஷம் ஓடிடும். நடுவுல தேர்தல் அறிவிச்சுட்டா புது வேலை எதுவும் தொடங்க முடியாது. ஆறு முறை ஜெயிச்சவருக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். நிழற்குடைன்னா சட்டுனு முடியும், பேரும் பளிச்சுனு தெரியும். தண்ணி நிக்கிற தெருவுக்கு வடிகால் மட்டம் சரி பண்ற வேலையில பேர் எழுத இடமில்லையே!

நம்ம மேலயும் தப்பு இருக்கு. 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் சென்னையில கவுன்சிலரே கிடையாது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாத்துக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல்தான்னு ஆச்சு. இப்போ 200 வார்டுக்கும் கவுன்சிலர் வந்தாச்சு. ஆனாலும் மாநகராட்சி புகார் எண் 1913க்குப் போன் போட்டு முடிக்க வேண்டியதுக்கு அவரையே கூப்பிடுறோம். காதுகுத்துக்கு வரலைன்னா கோவிச்சுக்கிறோம். எந்தத் துறைக்கு எவ்வளவு பணம்னு பேசுற மானியக் கோரிக்கை விவாதத்துல வாயே திறக்கலைன்னா கண்டுக்கிறதே இல்ல.

அவருக்குன்னு இருக்கிற ஆயுதம் அத்தனையும் சட்டமன்றத்துக்குள்ளேதானே இருக்கு. கேள்வி நேரத்துல எழுந்திரிச்சு, தலைவரைப் புகழ்ந்து நாலு வரி, பேரவைத் தலைவருக்கு நன்றி, கடைசியா ‘ஆவன செய்ய அமைச்சர் முன்வருவாரா?’ பதில் என்ன வரும்? ‘அரசின் பரிசீலனையில் உள்ளது.’ முடிஞ்சது. விவரம் தெரிஞ்ச உறுப்பினர் துணைக் கேள்வியில பிடிப்பார்: எவ்வளவு தொகை, எந்த அரசாணை, எந்த மாசத்துக்குள்ளே? அமைச்சர் வாயால ஒரு உறுதி வந்துட்டா அதைத் துரத்திப் பிடிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கு. தணிக்கை அறிக்கையைப் பிரிச்சு மேயுறதுக்குப் பொதுக் கணக்குக் குழு. இந்தக் குழுக்கள்ல எதுலயாவது நம்ம ஆள் இருந்தாரா? அதைப் பேனர்ல போட மாட்டேங்கிறாங்களே!

‘கட்சிக் கொறடா இருக்காருங்க, என்ன பண்ண முடியும்’னு ஒரு சமாதானம் வரும். பாதி உண்மைதான். ஓட்டெடுப்புல எப்படி ஓட்டுப் போடணும்னு தன் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு போடுறவர்தான் கொறடா. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டு, 15 நாளுக்குள்ளே கட்சி மன்னிக்கலைன்னா பதவி போகலாம். ஓட்டுப் போடாமலே கூடப் போகும். 2017 செப்டம்பர்ல அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரைத் தகுதி நீக்கம் பண்ணது முதல்வர் மேல ஆளுநர்கிட்ட கடிதம் கொடுத்ததுக்குத்தான். அதுல பெரம்பூரும் ஒண்ணு. 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரைக்கும் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்ல. ஆனா கொறடா ஓட்டைத்தான் கட்டிப் போடுறார். மழைநீர் வடிகால் பத்திக் கேள்வி கேக்காதேன்னு எந்தச் சட்டமும் சொல்லலையே?

அடுத்த பேனர் வர்றதுக்குள்ளே பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல ரெண்டு ஆர்.டி.ஐ. மனு போடுங்க. ஒண்ணு மாநகராட்சிக்கு: இந்தத் தொகுதியில, இன்ன நிதியாண்டுல, தொகுதி நிதியில எடுத்த வேலைகளோட பட்டியல், மதிப்பீடு, முடிஞ்ச தேதி. இன்னொண்ணு பேரவைச் செயலகத்துக்கு: உறுப்பினர் கொடுத்த கேள்விகள், இருந்த குழுக்கள். ‘ஏன் செய்யலை’ன்னு மட்டும் எழுதிடாதீங்க. கையில இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுப்பாங்க, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இல்ல. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சே மனுவைத் திருப்பிடுவாங்க. 30 நாள் கெடு. பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ளே முதல் மேல்முறையீடு.

வர்ற பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பேனர் கம்பத்துலயே ஒட்டுங்க. ஆறு முறையில எத்தனை கேள்வின்னு பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எண்ணிப் பார்க்கட்டும். நிழற்குடை இருக்கே, நிழல்ல நின்னே எண்ணலாம்.