'யீ ஓல்ட்' என்பதில் இருப்பது 'யீ' அன்று

இங்கிலாந்தின் பழைய பாணி மதுக்கூடங்களிலும் கடைகளிலும் காணப்படும் 'யீ ஓல்ட்' (Ye Olde) என்ற பெயர்ப்பலகையின் படத்தோடு, "பழங்கால ஆங்கிலேயர் 'தி' (the) என்பதை 'யீ' என்றே உச்சரித்தனர்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு.

அக்காலத்திலும் அச்சொல்லின் முதல் ஒலி இன்றுள்ளதுதான். அவ்வொலிக்கு ஆங்கிலத்தில் 'தோர்ன்' என்ற தனி எழுத்து இருந்தது. இடைக்காலத்தின் இறுதியில், கையெழுத்தில் அதன் வடிவம் 'ஒய்' (y) எழுத்தைப் பெரிதும் ஒத்துப்போயிற்று; 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியதை ஒட்டிய காலத்தில், ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் பெரும்பாலும் இல்லாததால், அச்சிடுவோர் அதனிடத்தில் 'ஒய்' எழுத்தையே கோத்தனர். எழுத்துதான் மாறியது, ஒலி மாறவில்லை. 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலிய முதற்பதிப்பிலும் 'தி' என்பதை இவ்வாறு 'ஒய்' இட்டுச் சுருக்கி எழுதுவது சில இடங்களில் உண்டு.

'நீங்கள்' என்று பொருள்படும் 'யீ' என்ற வழக்கொழிந்த சொல் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது முற்றிலும் வேறு சொல், இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பிழைக்கு வலுச்சேர்க்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. தோர்ன் எழுத்தைக் காண விரும்புவோர் இன்றைய ஐஸ்லாந்து மொழியின் நெடுங்கணக்கைப் பார்க்கலாம். அங்கே அது இன்னும் வாழ்கிறது.

மாணவர்களும் இதை நம்பிப் படிப்பதால், அச்செய்தியை மேலும் பகிர வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.