முதல் இந்தியரா? இல்லை, தம்பி

“காலித் ஜமீல்தான் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர், பார்சிலோனாவின் முன்னாள் வீரர் சாவி விண்ணப்பித்தும் காசில்லாமல் விட்டுவிட்டார்கள்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. காட்பாடியில் வண்டிக்குக் காத்திருக்கும்போது படித்தேன், சும்மா இருக்க முடியவில்லை.

ஹைதராபாத் ரஹீம் சாப் யார்? சையத் அப்துல் ரஹீம் பயிற்சியில்தான் 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா இறுதிப் போட்டியில் தலையில் அடிபட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு அனுப்பினார். அவரும் கோல் போட்டார், தென்கொரியாவை 2-1 என வென்றோம். கோட்டை மைதானத்தில் பந்து உதைக்கும் பையன்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்!

பி.கே. பானர்ஜி, நயீமுதீன் எல்லாம் அப்புறம் வந்த இந்தியப் பயிற்சியாளர்கள். காலிதுக்கு முந்தைய இந்தியர் சாவியோ மெடெய்ரா, 2012 வரை. பெயர்க் குழப்பம் வேண்டாம், இவர் கோவாக்காரர்.

சரி, பார்சிலோனா சாவி? அவர் பெயரில் வந்த விண்ணப்ப மின்னஞ்சல் போலி என்று கால்பந்துக் கூட்டமைப்பே அறிவித்துவிட்டது. இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள் மூன்றே பேர்: கான்ஸ்டன்டைன், தர்கோவிச், காலித். 2025 ஆகஸ்ட் 1 அன்று செயற்குழு காலிதைத் தேர்ந்தெடுத்தது. பதிவைத் திருத்திவிடுங்கள்.