அருவாள் அடிக்கிறவருக்குச் சட்டத்தைத் தமிழில் சொல்லப்போவது யார்?

உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்று ஓர் ஊர். பழைய இந்திப் படங்களில் வில்லன் சட்டைப்பையிலிருந்து எடுத்து 'டக்'கென்று விரிப்பானே, அந்த மடக்குக் கத்தி பிறந்த ஊர். 2023 மார்ச்சில் அங்கே ஒரு நாற்சந்தியில் 20 அடி உயரத்துக்கு ராம்பூரிக் கத்தியைச் சிலையாக நிறுத்தி விழா வைத்துத் திறந்தார்கள். ஊர்ப் பெருமையாம். நல்லது. ஆனால் அதே கத்தியை அதன் பழைய அளவில், அதாவது 9 முதல் 12 அங்குல அலகோடு, ஒரு கைவினைஞர் இன்றைக்கு அடித்துக் கடையில் தொங்கவிட்டால் வழக்கு பாயும். 90-களில் மாநில அரசு 4.5 அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று தடை போட்டது. அதன் பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, இன்று அங்கே தொழில் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம். சிலை மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

வடக்கத்திக் கதை நமக்கு எதற்கு என்பவர்கள், மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் திருப்பாச்சேத்தியில் இறங்கிப் பாருங்கள். சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து அந்த ஊர்ப் பெயரைக் கொலையோடு ஒட்டிவிட்டன. பட்டறைக்குள் போனால் வேறு உலகம். லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டையைத் துண்டு போட்டு, கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் குறட்டால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, அது மெல்ல மெல்ல வளைந்து மூக்கு வாங்கி அருவாளாகிறது. அடிப்பதுகூடப் பெரிய விஷயமில்லை, பழகினால் வரும். தோய்ச்சல்தான் விஷயம். காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்து, இந்தச் சிவப்பில் தண்ணீரில் விட்டால் விளிம்பு கண்ணாடி மாதிரி உடையும், அந்தச் சிவப்பில் விட்டால் மழுங்கும், இரண்டுக்கும் நடுவில் கண்சிமிட்டும் நேரம்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து விடுவது. வெப்பமானி கிடையாது, புத்தகம் கிடையாது. சில பட்டறைகளில் வெயில் ஏறிவிட்டால் நிறம் சரியாகத் தெரியாது என்று விடியற்காலையிலேயே தோய்ச்சல் வேலையை முடித்துவிடுவார்கள்.

நான் கத்தி சேகரிக்கிறவன். பாக்குவெட்டி, பாளை அருவாள், கருக்கரிவாள், பழைய அரிவாள்மணை, பிடி போன பேனாக்கத்தி என்று வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது (வீட்டம்மாவின் கருத்தை இங்கே எழுத முடியாது). இந்தப் பழக்கத்தால்தான் ஆயுதச் சட்டத்தைப் படிக்க வேண்டி வந்தது. படித்த பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது? தாக்கவோ தற்காக்கவோ என்று வடிவமைத்த எல்லாமே ஆயுதம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்தது ஆயுதமில்லை. சரி, இதுவரை புரிகிறது. அப்புறம் விதிகள் வருகின்றன. அதில் ஐந்தாவது வகை: வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி, இப்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருப்பவை. ஆனால் வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவை இதில் சேராது. இந்த வகையைச் செய்து விற்க உரிமம் வேண்டும்.

இப்போது ஒரு வீச்சரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் வெட்டவும் அதுதான், மட்டை கழிக்கவும் அதுதான், பத்திரிகையில் படம் வரும்போதும் அதேதான். இரும்பு ஒன்று, அளவு ஒன்று, அடித்த கை ஒன்று. எதற்காக 'வடிவமைத்தது' என்பதை எதை வைத்து முடிவு செய்வது? வாங்குகிறவன் மீசையை வைத்தா? நடைமுறையில் அன்றைக்கு யார் சோதனை செய்கிறாரோ அவர் மனநிலையை வைத்து.

இதைவிட வேடிக்கை கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்ந்துவிடும் அருவாள். ஆள் உயரத்தைத் தாண்டியெல்லாம் அடிக்கிறார்கள். அந்தப் பட்டறைகளுக்குத் திருவிழாக் காலத்தில் கொஞ்சம் காசு வருவதே இதில்தான். அது வீட்டு உபயோகமா? இல்லை. விவசாயமா? இல்லை. அறிவியலோ தொழிலோ கண்டிப்பாக இல்லை. ஆக எழுத்துக்கு எழுத்து விதியைப் படித்தால், தமிழ்நாட்டின் பாதி குலதெய்வக் கோயில்களில் உரிமமில்லாமல் அடித்த ஐந்தாம் வகை ஆயுதம் மண்ணில் நட்டு நிற்கிறது! யாரும் அதற்கு வழக்குப் போடுவதில்லை, போடவும் கூடாது. ஆனால் 'போடுவதில்லை' என்பது ஒருவருடைய நல்ல மனசு, உரிமை ஆகாது. அந்த நல்ல மனசு நாளைக்கு இடமாற்றலில் போய்விட்டால் என்ன செய்வது?

வைத்திருப்பது இன்னொரு சிக்கல். செய்து விற்க உரிமம் கேட்கும் சட்டம், வெறுமனே வைத்திருக்க எல்லா இடத்திலும் உரிமம் கேட்பதில்லை. எந்தப் பகுதியில் எந்த வகை ஆயுதத்துக்கு வேண்டும் என்று அரசு தனியாக அறிவிக்கை போட வேண்டும், நான்காம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டெல்லியில் 1980-இல் ஓர் அறிவிக்கை வந்தது. பொத்தான் அழுத்தியோ ஸ்பிரிங் வைத்தோ திறக்கும் கத்தி, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேல் இருந்தால் மாட்டினீர்கள். 7.62 என்றால் சரியாக 3 அங்குலம். ஆக விதியில் 9 அங்குலம், ராம்பூரில் 4.5, டெல்லியில் பொத்தான் கத்திக்கு 3. ஒரே கத்தியை ரயிலில் எடுத்துக்கொண்டு வடக்கே போனால் எந்த ஸ்டேஷன் தாண்டியதும் நான் குற்றவாளி ஆகிறேன் என்று டிக்கெட்டில் அச்சடித்தால் நன்றாக இருக்கும்.

பழைய கத்திக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். 45-ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். அதன் வாசகம் இதுதான்: வழக்கொழிந்த வடிவமோ பழம்பொருள் மதிப்போ உள்ள, அல்லது பழுதான, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் 'துப்பாக்கியாக'ப் பயன்படுத்த முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எழுதியவர் மனதில் துப்பாக்கி மட்டும்தான் இருந்திருக்கிறது. எங்கள் தாத்தா காலத்துப் பிச்சுவாக் கத்தியை எத்தனை முறை பழுது பார்த்தாலும் அது துப்பாக்கி ஆகப்போவதில்லை, அப்படியானால் எனக்கு விலக்கு உண்டு என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். வாதாடி ஜெயிக்கும்வரை பிச்சுவா எங்கே இருக்கும், நான் எங்கே இருப்பேன் என்பது வேறு கேள்வி. இதோடு 1972-இன் தொல்பொருள் சட்டம் தனி. நூறு வயது தாண்டிய கலைப்பொருள் தொல்பொருளாகிவிடுகிறது, விற்க உரிமம், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. அந்தச் சட்டத்தில் என் பிச்சுவா நாட்டின் சொத்து, இந்தச் சட்டத்தில் சந்தேகப் பொருள்.

ஒருமுறை ஒரு பழைய பாளை அருவாளை வாங்கிக்கொண்டு பேருந்தில் வரும்போது சோதனையில் நிறுத்தினார்கள். காவலர் மரியாதையாகத்தான் கேட்டார், எதற்கு சார் இது என்று. 'சேகரிக்கிறேன்' என்றேன். அதைவிட மோசமான பதில் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. தேங்காய் வெட்ட என்றால் விட்டிருப்பார்கள். சேகரிப்பது என்ற ஒரு காரணம் விதியில் எங்குமே இல்லை, அவர் மட்டும் என்ன செய்வார்? வெகுநேரம் பேசி, பையிலிருந்த மற்ற தகரடப்பாக்களையும் காட்டி, ஒருவழியாக 'பைத்தியம்' என்ற முடிவுக்கு வந்து அனுப்பிவைத்தார்கள்.

பொருளைப் பார்த்துப் பயப்படும் சட்டம் நமக்குப் புதிதில்லை. பழைய மதராஸ் மாகாணத்தில் மலபாரும் இருந்தது. அங்கே மாப்பிள்ளைகள் எனப்படும் முஸ்லிம்களின் கிளர்ச்சிகளுக்குப் பயந்து 1854-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு குறிப்பிட்ட கத்தியைக் குறிவைத்தே சட்டம் போட்டது, 1854-இன் 24-ஆம் சட்டம், மாப்பிள்ளைப் போர்க்கத்திச் சட்டம். கலெக்டர் கானலி ஊர் ஊராகப் போய் 7,000-க்கும் மேற்பட்ட கத்திகளை வாங்கிக் குவித்தார். அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரையே வீட்டில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். நிலத்திலும் குத்தகையிலும் இருந்த கோபத்தைக் கத்தியைப் பிடுங்கித் தீர்க்க முடியவில்லை. ஆனால் மலப்புறம் கத்தியை அடிக்கிற தொழிலுக்கு அது பெரிய அடி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் அயோக்கியன். தென்மாவட்டங்களில் அருவாளால் கொலை நடக்கிறது, சாதிக் கொலையும் நடக்கிறது, செத்தவர்கள் வீட்டில் போய் நின்று 'பாரம்பரியம்' என்று பேச எனக்கு வாய் வராது. 2021-இல் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, பட்டறைக்காரர்கள் வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்று சொன்னபோது எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இருக்கவில்லை. நோட்டுப் போட்டு எழுதுவது நல்லதுதான். கேமரா செலவு யாருடையது என்று கேட்கலாம், அது சின்னச் சண்டை.

பெரிய சண்டை வேறு. ஆன்லைனில் 'அலங்காரப் பொருள்' என்று போட்டு நீள நீளமான ஜப்பானிய வாள் பொம்மைகள் வீட்டுக்கே வருகின்றன. தகரம், மட்டமான இரும்பு, ஆனால் குத்தினால் குத்தும். அதை விற்கிறவன் எங்கோ இருக்கிறான். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் உலை வைத்து, ஊருக்கே முகம் தெரிந்த ஆசாரிதான் எந்தச் சம்பவம் நடந்தாலும் முதலில் ஸ்டேஷனுக்குப் போகிறார். பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். உழைப்பு கடினம், வருமானம் குறைவு, அதுவும் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடினமான தொழில் நிறையத் தாக்குப்பிடித்திருக்கிறது. எப்போது குற்றமாகும் என்று தெரியாத தொழிலுக்கு எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, நாங்க அடிக்கிறதுல எது சரி எது தப்புன்னு ஒரு காகிதத்துல தமிழ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கிறேன்."

போகிற அறிவு எப்பேர்ப்பட்டது என்று நமக்கு உறைக்கவில்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய தடயங்களைத் தோண்டி எடுத்துப் பெருமைப்படுகிறோம். தென்னிந்திய உருக்குக் கட்டிகளை லண்டனுக்குக் கொண்டுபோய், மைக்கேல் ஃபாரடே ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820-வாக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டு சோதனை செய்தார். ஃபாரடே கத்திக்காரரோடு உட்கார்ந்தார், கவனியுங்கள். நாமோ உலைக்களத்தைத் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்தில் வைப்போம், எரிகிற உலையிடம் போய் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. தோற்றுப்போன ஜப்பானில் 1945-க்குப் பிறகு அமெரிக்கப் படை வாள்களை அள்ளிக் குவித்தது, ஏராளம் அழிந்தன. அதிலிருந்து கலைவாள் என்று ஒரு பிரிவை ஜப்பானியர்கள் பிரித்துக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு அங்கே கலைவாளின் பதிவுச்சீட்டு வாளுக்கு உரியது, ஆளுக்கு அல்ல. கை மாறினால் சீட்டும் கூடப் போகும். அந்தச் சீட்டைக் கொடுப்பது காவல்துறை இல்லை, அந்தந்த மாகாணத்துக் கல்விக்குழு. வாள் அடிக்கிறவர் ஓர் ஆசானிடம் 5 வருஷமாவது பயின்று பண்பாட்டு முகமையின் அனுமதி வாங்க வேண்டும், மாதத்துக்கு நீள வாள் 2 அல்லது குட்டை வாள் 3, அதற்கு மேல் அடிக்கக் கூடாது. நம்மைவிடக் கடுமையான கட்டுப்பாடுதான்! ஆனால் எது அனுமதி, எது தப்பு என்று அடிக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும்.

நம் நாட்டிலும் விலக்கு கொடுக்கத் தெரியாமல் இல்லை. சீக்கியர்கள் கிர்பான் என்ற குத்துவாளை அணிவதை அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவே ஏற்கிறது. குடகு மக்களுக்குத் துப்பாக்கிக்கே உரிம விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடர்கிறது. ஓட்டும் குரலும் இருக்கிற இடத்தில் சட்டத்துக்குக் கண் திறக்கிறது. திருப்பாச்சேத்தி இருக்கிற சிவகங்கை மாவட்டத்துக் கொல்லருக்கு யார் பேசுவது?

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். மாநில அரசு இரண்டு பக்கத்துக்குத் தமிழில் ஒரு விளக்கம் வெளியிடட்டும், எந்த அருவாள் விவசாயக் கருவி, எது நேர்த்திக்கடன் பொருள், எதற்கு உரிமம் என்று படம் போட்டு. பட்டறைக்கு ஒரு எண் கொடுத்து அலகின் அடியில் குத்தச் சொல்லட்டும். விசாரணைக்கும் அது உதவும், ஐம்பது வருஷம் கழித்து என்னை மாதிரி ஒருத்தன் இது யார் வேலை என்று தேடவும் உதவும். கோயிலுக்கும் சேகரிப்புக்கும் போகிற துண்டுகளைக் கைவினைத் துறை பதியட்டும், முனை மழுக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றால் மழுக்கியே கொடுக்கட்டும், எனக்குச் சம்மதம்.

வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது தமிழ்நாட்டில் நான்காம் பிரிவின் கீழ் இன்று அமலில் இருக்கும் அறிவிக்கையின் நகல் வைத்திருந்தால் கீழே போடுங்கள், அந்தப் பெரியவருக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம், வீட்டில் பழைய கத்தி இருப்பவர்கள் தயவுசெய்து அதைப் புளி போட்டு விளக்காதீர்கள், கிரைண்டரில் கொடுத்துப் பளபளப்பாக்காதீர்கள். துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள், போதும். எடைக்குப் போடத் தோன்றினால் முதலில் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.