வாக்காளர் அட்டை வராவிட்டாலும் வாக்களிக்கலாம்

இலங்கையில் தேர்தலுக்கு முன் தபாலில் வரும் வாக்காளர் அட்டை கைக்கு வராவிட்டால் வாக்களிக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதை நம்பி முதல் தடவை வாக்களிக்கப் போகும் தம்பி ஒருவர் "அப்ப நான் போகத் தேவையில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை தம்பி, தாராளமாகப் போகலாம். அந்த அட்டை வெறும் அறிவித்தல்தான். வாக்காளர் இடாப்பில், அதாவது பட்டியலில், பெயர் இருந்து, தேசிய அடையாள அட்டையோ செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ கையில் இருந்தால் போதும். அட்டை இருந்தால் இடாப்பில் பெயரைத் தேடுவது சுலபம், அவ்வளவுதான். நம்ம தோட்டப் பக்கம் இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்றும் புரிகிறது, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) வர வேண்டிய தபால் பல தோட்டங்களில் ஆபீஸிலேயே நாட்கணக்கில் கிடக்கும், போன தடவை எங்களுடையதும் அப்படித்தான், நான் அடையாள அட்டையைக் காட்டித்தான் வாக்களித்தேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம், தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் கிடைக்காத இடமென்றால் கிராம சேவகரிடம் கேட்கலாம். அப்புறம், விநியோகிக்கப்படாத அட்டைகள் உங்கள் பகுதித் தபாலகத்தில்தான் இருக்கும், அடையாளத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.