வைஃபையை நிறுத்தினால் மட்டும் போதாது
"இணையத்தில் இணைக்காத விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினிக்கு வைரஸ் பயமே இல்லை" என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது. கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் காட் என்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து வைத்த கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வைஃபையை ஒருநாளும் போட்டதில்லை. ஆனாலும் அச்சகம் ஒன்றில் கொடுத்து வாங்கிய பென் டிரைவைச் செருகியதும் வைரஸ் தொற்றி, கோப்புறைகள் அத்தனையும் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டன. நல்லவேளை, கோப்புகள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன. மறைந்த கோப்புகளைக் காட்டவைக்கும் அட்ரிப் (attrib) கட்டளை போட்டு மீட்டேன். 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலும் இணையம் இல்லாத கணினிகளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தானே புகுந்தது? எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் 2014 ஏப்ரல் 8உடன் நின்றுவிட்டன. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் இப்படிப்பட்ட பழைய கணினியைத் "தூக்கிப் போடுங்கள்" என்று எழுதியிருக்கிறார், அதுவும் சரியில்லை. பாமினி, இன்றைய கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் நம்முடைய நோட்டீஸ் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதனால் பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ளதைத் தானாக இயக்கும் ஆட்டோரன்னை நிறுத்திவிட்டு, இதற்கென்றே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்த பிறகுதான் செருகுகிறேன். அப்புறம், உரைகளை ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி வருகிறேன். பாதிதான் முடிந்திருக்கிறது.